புவித்தொடுப்பு: எர்த்திங், கிரவுண்டிங் என்பதன் பொருள்

சர்க்யூட் போர்டு வேலை நடக்கும் மேசையில் "முதலில் எர்த் பண்ணிக்கொள்" என்று சொன்னால், அது கருவிக்கான பேச்சு அல்ல, வேலை செய்பவரின் உடம்புக்கானது. உடம்பில் சேர்ந்திருக்கும் மின்னூட்டத்தை நிலத்துக்கு இறக்கிவிட்டு போர்டைத் தொடு என்று அர்த்தம்.

பிரிட்டிஷ் வழக்கில் இது எர்த்திங், அமெரிக்க வழக்கில் கிரவுண்டிங். தமிழில் புவித்தொடுப்பு, புவியிணைப்பு, தரையிணைப்பு என்று பலவிதமாக எழுதுகிறோம். நான் புவித்தொடுப்பு என்றே எழுதுவேன். தரை என்றால் காலடித் தரை என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. ரப்பர் செருப்போடு எந்தத் தரையில் நின்றாலும் மின்னூட்டம் உடம்பை விட்டு எளிதில் போகாது.

அந்த மின்னூட்டத்துக்கு ஸ்டாட்டிக் எலக்ட்ரிசிட்டி என்று பெயர். ஸ்டாட்டிக் என்பதன் கிரேக்க வேர் நிற்றலைக் குறிக்கும். எலக்ட்ரிசிட்டியின் வேர் 'எலெக்ட்ரான்', அதாவது அம்பர் என்னும் இறுகிய மரப்பிசின். அதைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும். அதை வைத்துத்தான் வில்லியம் கில்பர்ட் 1600-இல் தம் லத்தீன் நூலில் 'எலெக்ட்ரிகஸ்' என்ற சொல்லை ஆண்டார். தமிழில் நிலைமின்சாரம், சுருக்கமாக நிலைமின். 'நில்' என்ற வேரில் வந்த சொல் என்பதால் கச்சிதமாகப் பொருந்துகிறது.

சரி, நிற்கிற மின்சாரத்தால் என்ன கேடு? அது சட்டென்று பாயும்போதுதான் கேடு. ஈ.எஸ்.டி. (எலக்ட்ரோஸ்டாட்டிக் டிஸ்சார்ஜ்) என்று சொல்வது இந்தப் பாய்ச்சலைத்தான், தமிழில் நிலைமின்னிறக்கம். விரல் நுனியில் சுருக்கென்று உணர ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். சில சிப்புகள் 100 வோல்ட்டுக்குள்ளேயே பழுதாகிவிடும். நமக்குத் தெரியாமலே சிப் போய்விடும் என்பதுதான் இதில் கொடுமை. சில நேரம் பாதி அடிபட்ட சிப் சோதனையில் தேறிவிட்டு, பிறகு வாடிக்கையாளர் கையில் செத்துப்போகும்.

இதைத் தடுக்கத்தான் மணிக்கட்டுப் பட்டை, அதாவது ரிஸ்ட் ஸ்ட்ராப். கையில் கட்டிக்கொண்டு, கம்பி வழியாக எர்த்தோடு தொடுப்பது. அதன் கம்பியில் 1 மெகா ஓம் மின்தடை ஒன்று ஒளிந்திருக்கும். "எர்த்துக்குப் போகிற கம்பிக்குத் தடை எதற்கு?" என்று அதை நீக்கிவிட்டு வெறும் ஒயரைக் கட்டிக்கொள்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இன்னொரு கை தவறி 230 வோல்ட்டைத் தொட்டுவிட்டால், அந்தத் தடைதான் பட்டை வழியாகப் போகும் மின்னோட்டத்தை 0.23 மில்லி ஆம்பியருக்குள் அடக்கி உயிரைக் காக்கும். தடை இருப்பதால் நிலைமின் வடிவதும் தாமதமாகாது. உடம்பில் சேரும் மின்னூட்டம் மிகச் சிறியது. ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் இறங்கிவிடும். நிலைமின்னை வடியவிடும் மேசை விரிப்பையும், பட்டையைத் தொடுத்த அதே எர்த் முனையில்தான் தொடுக்க வேண்டும்.

இன்னொன்று. புவித்தொடுப்பு மின்கடத்திகளுக்குத்தான் பலிக்கும். பிளாஸ்டிக் கப், தெர்மோகோல், செல்லோ டேப் இவற்றில் ஒயரைக் கட்டினாலும் மின்னூட்டம் நகராது. அவற்றை மேசையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். வேலைக்கு வேண்டியவை என்றால், அயனிகளை, அதாவது மின்னூட்டமுள்ள துகள்களை, ஊதும் அயனியாக்கியை வைத்துத்தான் மின்னூட்டத்தைச் சமன்செய்ய முடியும்.