பேட்டன்ட்: காப்புரிமையா, ஆக்கவுரிமையா?

பேட்டன்ட் என்றதும் பூட்டிய பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. சொல்லின் வேரோ நேர் எதிர். 'திறந்திருத்தல்' என்று பொருள்படும் 'பட்டேரே' என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்தது அது. ஐரோப்பிய மன்னர்களின் கடிதங்களில் இரண்டு வகை உண்டு. மடித்து முத்திரையால் மூடியது பெறுபவருக்கு மட்டும். முத்திரையைக் கீழே தொங்கவிட்டு, எவரும் படிக்கும்படி விட்டது ஊருக்கு. இந்தத் திறந்த கடிதத்துக்குத்தான் 'லெட்டர்ஸ் பேட்டன்ட்' என்று பெயர். பட்டமும் நிலமும் தனி வணிக உரிமையும் அதில் எழுதித் தரப்பட்டன. பிறகு பொருள் குறுகியது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவரிடம் அரசு சொன்னது: உன் நுட்பத்தை வெளிப்படையாகச் சொல், பதிலுக்குச் சில காலம் அது உனக்கு மட்டும்.

சரி, யார் சொன்னால் கேட்பார்கள்? அமெரிக்கக் கறுப்பினக் கண்டுபிடிப்பாளர்களைப் பற்றி எங்கே பாடம் நடந்தாலும் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். பேட்டன்ட் பெற்ற முதல் கறுப்பினத்தவராக அறியப்படும் தாமஸ் ஜென்னிங்ஸ், நியூயார்க் தையற்காரர். துணியை உலர்முறையில் வெளுக்கும் வழிக்கு 1821-இல் பெற்றார். 1836-இல் பேட்டன்ட் அலுவலகம் எரிந்தபோது அந்த ஆவணமும் சாம்பலானது. அவருடைய முறை என்ன என்பது அதோடு போயிற்று.

ஜென்னிங்ஸ் அடிமையல்லர், அதனால் முடிந்தது. அமெரிக்கத் தென்மாநிலமான மிசிசிப்பியில் நெட் என்ற அடிமை பருத்தி வயலுக்கு ஒரு புதுக் கருவி செய்தார். அவருடைய எசமான் ஆஸ்கர் ஸ்டூவர்ட் அதற்குத் தன் பெயரில் பேட்டன்ட் கேட்டார். 1858-இல் அரசின் தலைமை வழக்கறிஞர் சொன்ன கருத்து: அடிமையின் கண்டுபிடிப்புக்குப் பேட்டன்ட் இல்லை. 'நானே கண்டுபிடித்தேன்' என்று உறுதிமொழி தர வேண்டும். அடிமை குடிமகன் அல்ல என்பதால் நெட்டால் முடியாது. கண்டுபிடித்தவர் அல்ல என்பதால் எசமானாலும் முடியாது. 1861-இல் பிரிந்துபோன தென்மாநிலங்கள் புதுச் சட்டம் போட்டு, எசமானுக்கு மட்டும் வழி திறந்துவிட்டன.

பேட்டன்ட் ஏட்டில் இனத்தைக் குறிப்பதில்லை. அதனால் அந்த அலுவலகத்திலேயே ஆய்வாளராக இருந்த கறுப்பினத்தவர் ஹென்றி பேக்கர், 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்காக ஊர் ஊராகக் கடிதம் எழுதி விசாரித்துப் பட்டியல் தயாரித்தார். ஒரு குமாஸ்தா வேலைதான், ஆனால் அது இல்லாவிட்டால் பல பெயர்கள் இன்று நமக்குக் கிடைத்திருக்காது.

பூர்வகுடிகளிடம் இந்தச் சொல் வேறு விதமாக முட்டியது. அமேசான் பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாகச் சடங்குகளில் பயன்படுத்தும் அயவாஸ்கா கொடியின் ஒரு வகைக்கு, 1986-இல் ஓர் அமெரிக்கர் பேட்டன்ட் வாங்கினார். பூர்வகுடி அமைப்புகள் எதிர்த்தபின் 1999-இல் அது ரத்தானது. காரணம் அவர்களுடைய மரபறிவு அல்ல, அதே செடி முன்பே அறியப்பட்டது என்று காட்டிய, சிகாகோ அருங்காட்சியகத்தில் இருந்த உலர்செடித் தாள்கள்! 2001-இல் அந்தத் தீர்ப்பும் மாறி, பேட்டன்ட் மீண்டது. நம் மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்கு, அதுவும் மிசிசிப்பியிலேயே, ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995-இல் வாங்கிய பேட்டன்ட் 1997-இல் நீங்கியதும் எழுத்துச் சான்றுகளைக் காட்டித்தான். பாட்டி புண்ணுக்கு மஞ்சள் வைத்தது மட்டும் அன்று சான்றாகவில்லை.

தமிழில் என்ன சொல்வது? 'காப்புரிமை' பரவலாக இருக்கிறது. ஆனால் நூலுக்கான காப்பிரைட்டையும் பலர் அப்படியே எழுதுவதால் குழப்பம். காப்பிரைட்டுக்குப் 'பதிப்புரிமை' இருக்கிறதே. அரசு தரும் ஆவணத்தைக் குறிக்க, ஓட்டுநர் உரிமம் போல, 'காப்புரிமம்' பொருந்தும். இலங்கையில் வழங்கும் 'ஆக்கவுரிமை' எனக்கு இன்னும் பிடிக்கும். திறந்த கடிதம் என்ற பழைய பொருள் இவை எதிலும் இல்லை, போகட்டும். நெட்டுக்கு எது மறுக்கப்பட்டது என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் ஆக்கவுரிமை என்றே எழுதுவேன்.