வரையறையைக் கடன் வாங்கிய சட்டம்: அமெரிக்காவும் கடற்கொள்ளையும்

கடற்கொள்ளை எது என வரையறுக்கவும் அதற்குத் தண்டனை விதிக்கவும் அமெரிக்க அரசியலமைப்பு அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அதிகாரம் அளித்தது. அதன்படி 1790-இல் இயற்றப்பட்ட குற்றவியல் சட்டம், எந்த மாநிலத்தின் எல்லைக்கும் உட்படாத கடற்பரப்பில் கொலையோ கொள்ளையோ செய்தவரைக் கடற்கொள்ளையராகக் கருதி மரண தண்டனை விதித்தது.

இச்சட்டத்தின் ஓட்டை 1818-இல் வெளிப்பட்டது. தென்னமெரிக்காவில் ஸ்பெயினின் குடியேற்றங்கள் விடுதலைக்குப் போராடிய காலம் அது. புரட்சி அரசுகளிடம் உரிமச்சீட்டு பெற்ற தனியார் போர்க்கப்பல்கள் ஸ்பானியக் கப்பல்களைத் தாக்கிவந்ததால், போர் எங்கே முடிந்து கொள்ளை எங்கே தொடங்குகிறது என்பதே குழப்பமாக இருந்தது. கடற்கொள்ளைக் குற்றம் சாட்டப்பட்ட பால்மர் என்பவரின் வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், சட்டத்திலுள்ள ‘எவரேனும்’ என்ற சொல் எல்லா மனிதரையும் குறிக்கக்கூடியதே என ஒப்புக்கொண்டார். ஆனால் சட்டத்தின் தலைப்பு அமெரிக்காவுக்கு எதிரான குற்றங்களையே பேசுவதால், முழுக்க அயல்நாட்டவருக்குச் சொந்தமான கப்பலில் இருந்தவர்களிடம் நடந்த கொள்ளை அதற்குள் அடங்காது என்று தீர்ப்பளித்தார்.

இந்த ஓட்டையை அடைக்கக் காங்கிரஸ் 1819 மார்ச் 3 அன்று புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. வணிகக் கப்பல்களைக் காக்கக் கடற்படையைப் பயன்படுத்தும் அதிகாரத்தை அது குடியரசுத் தலைவருக்கு வழங்கியது; நட்பு நாட்டு அரசுப் போர்க்கப்பல் அல்லாத எந்தக் கப்பல் தாக்கினாலும், வணிகக் கப்பலின் மாலுமிகளே எதிர்த்துப் போரிட்டு அதைக் கைப்பற்றலாம் என்றும் கூறியது. ஆயினும் அதன் உயிர்நாடி 5-ஆம் பிரிவுதான். பன்னாட்டுச் சட்டம் வரையறுக்கும் கடற்கொள்ளையைச் செய்த எவரும், பின்னர் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டால் அல்லது அங்கே காணப்பட்டால், மரண தண்டனைக்கு உரியவர். கப்பல் யாருடையது, கொள்ளையர் எந்த நாட்டவர் என்ற கேள்விகளுக்கு இனி இடமில்லை.

அடுத்த மாதமே அதற்குச் சோதனை வந்தது. வெனிசுவேலாவை ஒட்டிய மார்கரீட்டா தீவின் துறைமுகத்தில் நின்ற ‘கிரியோலா’ என்ற தனியார் போர்க்கப்பலில் கலகம் செய்து வெளியேறிய மாலுமிகள், அருகில் நின்ற ‘இர்ரெசிஸ்டிபிள்’ கப்பலை வன்முறையால் கைப்பற்றி, தமக்குள்ளேயே அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, எந்த அரசின் ஆவணமும் இன்றிக் கடலேறி, ஏப்ரலில் ஒரு ஸ்பானியக் கப்பலைச் சூறையாடினர். காங்கிரஸ் குற்றத்தைத் தானே வரையறுக்கவில்லை என்பதே அவர்களுள் ஒருவரான தாமஸ் ஸ்மித்தின் தரப்பு வாதம். உயிரைப் பறிக்கும் சட்டம் குற்றம் இன்னதெனத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பே; நீதிபதி லிவிங்ஸ்டனும் அவ்வாறே கருதி மாறுபட்டார். ஆனால் 1820-இல் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜோசப் ஸ்டோரி, கடலில் நடக்கும் கொள்ளையே கடற்கொள்ளை என்பதில் சட்ட அறிஞரிடையே ஐயமில்லை என்று கூறி, பல பக்கங்களுக்கு நீளும் அடிக்குறிப்பில் மேற்கோள்களை அடுக்கினார்.

தற்காலிகமாகப் பிறந்த இந்த ஏற்பாடு 1823-இல் நிரந்தரமாக்கப்பட்டது. தண்டனை பின்னர் ஆயுள் சிறையாக மாறினாலும், கடன் வாங்கிய வரையறை அப்படியே நீடிக்கிறது. 2010-இல் வணிகக் கப்பல் என்று எண்ணி ‘நிக்கலஸ்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைச் சுட்ட சோமாலியர்கள் எதையும் கொள்ளையடிக்கவில்லை. எனவே ஸ்டோரியின் வரையறைப்படி இது கடற்கொள்ளை ஆகாது என அவர்கள் தரப்பு வாதிட்டது. பன்னாட்டுச் சட்டம் வளர வளர, அதைச் சுட்டும் 1819-ஆம் ஆண்டுச் சொற்றொடரின் பொருளும் வளரும் என்று கூறி, 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது.