பாட்டை நிறுத்தியது யார்?

2003 மார்ச் 10 இரவு. லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் டிக்ஸி சிக்ஸ் என்ற மூன்று பெண்களின் இசைக்குழு பாடிக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கிராமப்புறப் பாட்டுமரபிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையில் அப்போது அவர்களை மிஞ்ச ஆளில்லை. முந்தைய ஆண்டு வந்த ஆல்பம் லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தது. வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பாத ஓர் இளம் சிப்பாயைப் பற்றிய அவர்களுடைய பாட்டு, பில்போர்டு என்ற இசை இதழின் கன்ட்ரி தரவரிசையில் முதலிடத்தைத் தொடும் தறுவாயில் இருந்தது. அந்தப் பாட்டைத் தொடங்குவதற்கு முன் முதன்மைப் பாடகி நட்டாலி மெயின்ஸ் ஒலிவாங்கியில் நான்கு வார்த்தை பேசினார்: இந்தப் போரும் வன்முறையும் எங்களுக்கு வேண்டாம், அமெரிக்க அதிபர் எங்கள் டெக்சாஸைச் சேர்ந்தவர் என்பதில் வெட்கப்படுகிறோம். ஈராக் போர் தொடங்க இன்னும் பத்து நாள்கூட இல்லை. அரங்கம் கைதட்டியது.

இரண்டு நாள் கழித்து கார்டியன் நாளிதழின் இசை விமர்சனத்தில் அந்தப் பேச்சு வெளியானது. போர் வேண்டாம் என்ற முற்பாதி அதில் இல்லை, வெட்கம் என்ற பிற்பாதி மட்டும் இருந்தது. அங்கிருந்து செய்தி நிறுவனங்கள் வழியாக அமெரிக்காவுக்குப் போன வாக்கியமும் அந்தப் பாதிதான். முதலிடத்தைப் பிடித்த சிப்பாய்ப் பாட்டு அடுத்த வாரம் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது, அதற்கடுத்த வாரம் வரிசையிலேயே இல்லை. பொதுவான ஹாட் 100 வரிசையில் இருந்த இன்னொரு பாட்டு ஒரே வாரத்தில் 10ஆம் இடத்திலிருந்து 43க்கு விழுந்தது. லூசியானாவின் போசியர் நகரில் டிராக்டர் ஏற்றி அவர்களுடைய குறுந்தகடுகளை நொறுக்கினார்கள். மெயின்ஸ் சில நாளிலேயே, அதிபர் பதவிக்கு உரிய மரியாதையைத் தான் தரவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். பயனில்லை.

"ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை, ஒதுக்கிவிட்டார்கள்" என்று இந்தக் கதையை முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. கோடிக்கணக்கான மனிதர்கள் இரண்டே வாரத்தில் ரசனையை மாற்றிக்கொள்வதில்லை. புகழ் என்று நாம் சொல்வது ரசிகரின் மனம், வானொலி நிலையம், வரிசைப் பட்டியல், டிக்கெட் விற்பனை எனப் பல கண்ணிகள் கோத்த ஒரு சங்கிலி. அரசியல் எந்தக் கண்ணியில் போய்ப் பட்டது என்று பார்த்தால்தான் வீழ்ச்சியின் வேகம் விளங்கும்.

மனத்திலிருந்து தொடங்குவோம். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் ஃபிரிட்ஸ் ஹைடர் 1946இல் சமநிலைக் கோட்பாடு என்ற ஒன்றை முன்வைத்தார். ஒரு ரசிகருக்குப் பாடகியைப் பிடிக்கும், அதிபரையும் பிடிக்கும். ஆனால் பாடகிக்கு அதிபரைப் பிடிக்காது. இந்த முக்கோணம் மனத்துக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும். உறுத்தல் தீர வேண்டுமானால் பாடகியைக் கைவிட வேண்டும், அல்லது அதிபரைப் பற்றிய எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், அதுவும் முடியாவிட்டால் "அவர் வேறு ஏதோ அர்த்தத்தில் சொல்லியிருப்பார்" என்று சமாதானம் செய்துகொள்ள வேண்டும். இவற்றில் எது நடக்கும் என்பதற்கு 1955இல் ஆஸ்குட், டானன்பாம் இருவரும் ஒரு விதி சொன்னார்கள்: இரண்டு பற்றுகள் மோதும்போது பலவீனமான பற்றுதான் அதிகம் நகரும்.

2003 மார்ச்சில் எந்தப் பற்று பலவீனமானது? போர் தொடங்கியதும் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்கு இருந்த ஆதரவு சுமார் 70 சதவீதமாக ஏறியது. வெளிநாட்டோடு மோதல் வரும்போது மக்கள் தலைவரைச் சுற்றித் திரள்வதை ஜான் மியூலர் என்ற அரசியல் அறிஞர் 1970லேயே அளந்து காட்டியிருக்கிறார். அந்தத் திரட்சி சில மாதங்களில் வற்றிவிடும் என்பதும் அவர் கண்டதுதான். மெயின்ஸ் பேசியது அலை எழும்பிக்கொண்டிருந்த நாளில்.

இதற்கு மேல், அவர் வெளியாள் அல்லர். குழு 1989இல் டாலஸில் தொடங்கியது. மெயின்ஸ் டெக்சாஸின் லபக் ஊர்க்காரர். தந்தை லாயிட் மெயின்ஸ் கன்ட்ரி உலகம் அறிந்த ஸ்டீல் கிட்டார் கலைஞர். ஹாலிவுட் நடிகர்களும் அதே நாட்களில் புஷ்ஷைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். கன்ட்ரி ரசிகர் அதற்காகத் தட்டு உடைக்கவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை தறுதலையானால் திண்ணைப் பேச்சு, நம் வீட்டுப் பிள்ளையானால் மானக்கேடு. பெல்ஜியத்தில் மார்க்கேஸ், இஸர்பிட், லெயன்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதனையில் கொண்டுவந்தது. பெல்ஜிய மாணவர்களிடம் சக பெல்ஜிய மாணவர்களையும் வட ஆப்பிரிக்க மாணவர்களையும் மதிப்பிடச் சொன்னார்கள். நல்லவராகக் காட்டப்பட்டவர்களில் தம்மவருக்கு அதிக மதிப்பெண் விழுந்தது. மோசமானவராகக் காட்டப்பட்டவர்களில் தம்மவருக்குத்தான் மிகக் குறைந்த மதிப்பெண். கறுப்பு ஆடு விளைவு என்று இதற்குப் பெயர். குழுவின் மானம் அந்த ஒருவரால் போய்விடக் கூடாது என்பதால், அவரை வெளியே தள்ளுவதில் வெளியாளிடம் காட்டாத வேகத்தைக் காட்டுகிறோம். பேசிய இடம் லண்டன் என்பதும் சேர்ந்துகொண்டது. வீட்டு விஷயத்தை வெளியூரில் போய்ச் சொன்னார் என்ற குற்றச்சாட்டைச் சொல்லாத எதிர்ப்பாளர் அன்று அரிது.

ஆனால் இவ்வளவும் சேர்ந்தாலும் கோபப்பட்ட ரசிகர் ஒருவர் என்ன செய்ய முடியும்? ஏற்கெனவே வாங்கிய குறுந்தகட்டை உடைக்கலாம், அடுத்ததை வாங்காமல் இருக்கலாம். வரிசையை இரண்டு வாரத்தில் காலியாக்க அது போதாது. இங்கேதான் வானொலி வருகிறது. அந்தக் காலத்தில் பில்போர்டின் கன்ட்ரி வரிசை விற்பனையைக் கணக்கில் எடுக்கவே இல்லை. எந்தப் பாட்டை நிலையங்கள் எத்தனை முறை ஒலிபரப்பின என்பது மட்டுமே கணக்கு. ஆகவே வரிசையிலிருந்து பாட்டு காணாமல் போனது நிலையங்களின் முடிவைத்தான் காட்டியது, ரசிகரின் அன்பு எவ்வளவு மிச்சம் என்பதை அது காட்டவில்லை.

நிலையம் எப்படி முடிவெடுக்கிறது? நிகழ்ச்சிப் பொறுப்பாளர் விரும்பிய பாட்டைப் போடுவார் என்பது பழைய கதை. நேயர்களுக்குத் தொலைபேசியில் பாட்டின் சில விநாடித் துண்டைக் கேட்கவைத்து, பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா, சலித்துவிட்டதா என்று விசாரிப்பார்கள். அந்த விடைகளை எடைபோடும் தராசு நேரானதன்று. ஒரு பாட்டு மிகவும் பிடித்தவர் நிலையத்தை மாற்றாமல் இருப்பார். அவ்வளவுதான் லாபம், எப்படியும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிடிக்காதவரோ பொத்தானைத் திருப்பிவிடுவார், விளம்பரதாரருக்கு விற்க வேண்டிய காது ஒன்று போய்விடும். அதனால் பத்தில் ஏழு பேர் உயிராக நேசித்து மூன்று பேர் வெறுக்கும் பாட்டைவிட, பத்துப் பேரும் "பரவாயில்லை" என்று சொல்லும் பாட்டே நிலையத்துக்குப் பாதுகாப்பு. வானொலி ஏன் இவ்வளவு சப்பென்று இருக்கிறது என்று யோசித்தவர்களுக்கு விடை இதில் இருக்கிறது.

அரசியல் செய்த வேலை, வெறுக்கும் இந்த மூன்று பேரை ஒரே நாளில் உருவாக்கியது. உருவாக்கியதோடு அவர்களை நிலையத்துக்குத் தொலைபேசி எடுக்கவும் வைத்தது. "தொடர்ந்து போடுங்கள்" என்று சொல்ல யாரும் அழைப்பதில்லை. கோபக்காரர் அழைக்கிறார், அடுத்தவர் அதைக் கேட்டுத் துணிகிறார். ஆதரவாளரோ சுற்றிலும் எதிர்ப்புதான் இருக்கிறது என்று எண்ணி வாயை மூடிக்கொள்கிறார். ஜெர்மானிய ஆய்வாளர் எலிசபெத் நோயல்-நாய்மன் 1974இல் மௌனச் சுழல் என்று பெயரிட்டது இந்தப் போக்கைத்தான். கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் ஒரு நிலையம், தடையை மீறி இவர்களுடைய பாட்டைப் போட்ட இரண்டு அறிவிப்பாளர்களை அந்த மே மாதம் இடைநீக்கம் செய்தது. அதற்குப் பிறகு மற்ற அறிவிப்பாளர்களுக்குத் தனியாகச் சுற்றறிக்கை எதுவும் தேவைப்பட்டிருக்காது.

முதலாளிகள் கூடிச் சதி செய்தார்கள் என்ற குரலும் பலமாக எழுந்தது. காரணம் இல்லாமல் இல்லை. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் இத்தனை நிலையங்கள்தான் வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியது. கிளியர் சேனல் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்களை வாங்கிக் குவித்தது. கியூமுலஸ் நிறுவனம் தன் 42 கன்ட்ரி நிலையங்களிலும் 30 நாள் தடை விதித்தது; அதன் தலைவர் அந்த ஜூலையில் செனட் குழுவின் முன் வந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. இருந்தும் சமூகவியலாளர் கேப்ரியல் ராஸ்மன் ஒலிபரப்புத் தரவுகளை எடுத்துவைத்து ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவு வேறு. பெரிய நிறுவனத்தின் நிலையமா என்பதைவிட, அது கன்ட்ரி நிலையமா, பழமைவாதிகள் மிகுந்த பகுதியில் இருக்கிறதா என்பவைதான் பாட்டு நின்றதை விளக்கின. தடை பெருமளவும் கீழேயிருந்து மேலே ஏறியது. முதலாளியைத் திட்டுவது சுலபம் என்பதால் இந்த முடிவு பலருக்கு ருசிக்கவில்லை. எனக்கு இது இன்னும் கவலை தருவதாகவே படுகிறது.

சங்கிலியின் மற்றக் கண்ணிகள் என்னாயின? அந்த ஆண்டின் அமெரிக்கச் சுற்றுப்பயண டிக்கெட்டுகள் லண்டன் பேச்சுக்கு முன்பே விற்பனைக்கு வந்திருந்தன. மே 1 அன்று தென் கரோலினாவின் கிரீன்வில்லில் முதல் நிகழ்ச்சி. புஷ்ஷின் கோட்டை போன்ற ஊர், ஆனாலும் அரங்கம் நிறைந்தது. காசு கொடுத்தாகிவிட்டால் கோபம் கொஞ்சம் இளகும் என்று கிண்டலாகச் சொல்லலாம். ஜூலையில் டாலஸில் கொலை மிரட்டலுக்கு நடுவே, பலத்த காவலோடு பாடினார்கள். 2006இல் மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்ட தொனியில் ஒரு பாட்டும் ஆல்பமும் வந்தன. ஆல்பம் முதல் வாரத்திலேயே 5 லட்சத்து 26 ஆயிரம் பிரதிகள் விற்று முதலிடத்தில் நுழைந்தது. 2007 பிப்ரவரியில் ஐந்து கிராமி விருதுகள். அதற்குள் புஷ்ஷின் ஆதரவு பாதிக்கும் கீழே போயிருந்தது. அந்தப் பாட்டு ஹாட் 100இல் 4ஆம் இடம் வரை ஏறியது. கன்ட்ரி வரிசையில் 36ஐத் தாண்டவில்லை. தென் மாநிலங்களில் டிக்கெட் விற்காததால் அந்தச் சுற்றுப்பயணத்தின் சில நிகழ்ச்சிகளை ரத்து செய்து கனடாவுக்குத் திருப்பினார்கள். நாடு மனம் மாறியது, வானொலி மாறவில்லை. மூன்று ஆண்டு ஒலிக்காத குரலைத் திரும்பக் கொண்டுவந்து, ஓய்ந்துபோன தொலைபேசிகளை மீண்டும் அலற வைக்க எந்த நிகழ்ச்சிப் பொறுப்பாளருக்கு ஆசை இருக்கும்?

கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் 2003 கிறிஸ்துமஸ் சமயத்தில் போரை எதிர்த்துப் பாட்டே எழுதினார். அவர் தலையில் இடி விழவில்லை. பெண் என்பதால் மெயின்ஸை அதிகம் அடித்தார்கள் என்பார்கள், அதில் உண்மை உண்டு. ஆனால் நெல்சன் அப்போது எழுபது வயது மூத்தவர். புதுப் பாட்டை நம்பிப் பிழைக்கும் நிலையைத் தாண்டியவரிடமிருந்து வானொலி பறிக்க அதிகம் இல்லை.

கன்ட்ரி உலகில் இந்தக் குழுவின் பெயர், இப்படி ஒதுக்கித் தள்ளுவதைக் குறிக்கும் பயமுறுத்தும் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. டெய்லர் ஸ்விஃப்ட் ஆண்டுக்கணக்கில் அரசியல் பேசாமல் இருந்ததற்கு இந்த முன்னுதாரணமும் காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். 2018 அக்டோபரில் டென்னசியின் செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரை அவர் ஆதரித்தபோது, கன்ட்ரியை விட்டுப் பாப் இசைக்குப் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. கன்ட்ரி நிலையங்களின் தயவு அவருக்குத் தேவைப்படவில்லை. வேட்பாளர் தோற்றார், ஸ்விஃப்ட்டின் புகழுக்குக் குறைவில்லை.

2023 ஜூலையில் ஜேசன் ஆல்டீன் என்ற கன்ட்ரி பாடகரின் காணொளியைச் சிஎம்டி என்ற கன்ட்ரி இசைத் தொலைக்காட்சி, கடும் விமர்சனத்துக்குப் பின் ஒளிபரப்பிலிருந்து எடுத்தது. இம்முறை எதிர்ப்பு மறுபக்கமான தாராளவாதிகளிடமிருந்து வந்தது. ஆனால் இப்போது ரசிகர் கையில் தரவிறக்கமும் இணைய ஒலிபரப்பும் இருந்தன, ஹாட் 100 அவற்றையும் எண்ணியது. வாக்குப் போடுவதுபோல ஆதரவாளர்கள் பாட்டை வாங்கித் தள்ளினார்கள். மே மாதமே வந்து அதுவரை பெரிதாகக் கவனிக்கப்படாத பாட்டு முதலிடத்துக்கு ஏறியது. வாங்குபவர் ஒருமுறைதான் வாங்குவார், மறு வாரமும் வாங்கமாட்டார். அடுத்த வாரப் பட்டியலில் அது 21ஆம் இடத்தில் கிடந்தது.