வண்டி தானா வெளியே போகாது மாப்ளே

போன மாதம் அக்கா மகன் கூட்டாளிகளோடு கொல்லிமலைக்குப் போய் வந்தான். அடிவாரத்தில் காரவள்ளியைத் தாண்டினால் மேலே போய்ச் சேர 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது ஒரு இடதுபக்க வளைவில் வண்டி நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விட்டது. மேலே ஏறி வந்த பஸ்ஸின் டிரைவர் சட்டென்று நிறுத்தியதால் பையன் முழுசாக வீடு வந்து சேர்ந்தான். அன்று சாயங்காலமே அக்கா வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டாள். அவன் என்னிடம் வந்து கேட்டான்: "மாமா, ஹேண்டில்பாரை நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். வண்டி தானா வெளியே போச்சு. ஏன்?"

இறுக்கிப் பிடித்ததுதான் காரணம் என்றேன். கோபமாகப் பார்த்தான்.

அவனும் நம்மைப் போல 8 போட்டு லைசென்ஸ் வாங்கியவன். 8 போடும்போது வண்டி கிட்டத்தட்ட நடக்கிற வேகத்தில் போகும். இடது பக்கம் போக ஹேண்டிலை இடது பக்கம் திருப்பு, காலை ஊன்றாதே, அவ்வளவுதான் பரீட்சை. வேகம் இருபது, இருபத்தைந்தைத் தாண்டினால் கதை வேறு. அந்தக் கதையை லைசென்ஸ் கொடுக்கிற இடத்தில் யாரும் கேட்பதும் இல்லை, சொல்லித் தருவதும் இல்லை.

பள்ளிக்கூடக் கணக்கை வேகமாக முடித்துவிடுகிறேன். வளைவில் போகிற வண்டி உள்பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் வெளிப்பக்கம் கவிழும். எவ்வளவு சாய வேண்டும் என்பது இரண்டே விஷயத்தைப் பொறுத்தது: வேகத்தின் வர்க்கம், வளைவின் ஆரம். ஆளின் எடை, வண்டியின் எடை எதுவும் கணக்கில் வராது. 10 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசியில் 20 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 17 பாகை சாய்ந்தால் போதும். 30 என்றால் 35 பாகை. 40 என்றால் 50 பாகையையும் தாண்டிவிடும், அது ரேஸ் டயரும் ரேஸ் டிராக்கும் கேட்கிற சாய்வு. வேகம் இரண்டு மடங்கானதும் சாய்வு மூன்று மடங்காகிவிட்டதைக் கவனியுங்கள்.

அக்கா கட்டிய எலுமிச்சம்பழம் இங்கே ஒரு வேலை செய்கிறது. சரியாகச் சாய்ந்து போகிற வண்டியில் அந்தச் சரடு பக்கவாட்டில் ஆடாது, வண்டியோடு சேர்ந்து வண்டி சாய்ந்த கோட்டிலேயே தொங்கும். சின்ன அலையாட்டத்தை விட்டுவிட்டால் அது ஒரு தூக்குக்குண்டு. திருஷ்டி கழிக்கிறதா என்பது எனக்குத் தெரிய வேண்டாம், நியூட்டனுக்குச் சாட்சி சொல்கிறது, அது போதும்.

சரி, சாய வேண்டும். எப்படிச் சாய்ப்பது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு துடைப்பக்கட்டையை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். சின்ன வயதில் எல்லோரும் செய்ததுதான். கட்டையோடு இடது பக்கம் நடந்து போக வேண்டும் என்றால் கை முதலில் எந்தப் பக்கம் நகர்கிறது? இடது பக்கம் நகர்ந்தால் கட்டை வலது பக்கம் விழுந்துவிடும். கை தானாகவே ஒரு விரற்கடை வலது பக்கம் போகும், கட்டை இடது பக்கம் சாயும், அப்புறம்தான் கை அதைப் பிடிக்க இடது பக்கம் ஓடும். யோசிக்காமல் செய்கிறோம்.

பைக்கில் உள்ளங்கைக்குப் பதில் டயர், கட்டைக்குப் பதில் வண்டியும் நீங்களும். இடது பக்கம் சாய வேண்டுமென்றால் அடியில் இருக்கிற டயர் முதலில் வலது பக்கம் நகர வேண்டும். அதற்கு முன்சக்கரம் ஒரு கணம் வலது பக்கம் திரும்ப வேண்டும். ஆகவே, இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். இடது பக்கம் போக இடது கையால் தள்ளு! டயர் வலது பக்கம் விலகுகிறது, மேலே இருக்கிற எடை இடது பக்கம் விழத் தொடங்குகிறது, விழுகிற பக்கமே முன்சக்கரமும் திரும்பிக்கொள்கிறது. சக்கரம் தரையைத் தொடுகிற இடம், ஹேண்டில் சுழலும் அச்சை நீட்டினால் தரையைத் தொடும் இடத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. கடையில் தள்ளுகிற டிராலியின் சின்னச் சக்கரம் எந்தப் பக்கம் தள்ளினாலும் பின்னாலேயே வருகிற மாதிரிதான், இதுவும் தன்னை நேர்படுத்திக்கொள்ளும். எல்லாம் அரை நொடிக்குள் நடந்து முடிவதால் யாருக்கும் தெரிவதில்லை. டிவிஎஸ் எக்ஸெல்லில் தேங்காய் மூட்டை ஏற்றிப் போகிறவரும் இதைத்தான் செய்கிறார். கேட்டால் சிரிப்பார்.

விமானம் செய்த ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். சைக்கிளை இடது பக்கம் எப்படித் திருப்புகிறீர்கள் என்று வில்பர் ரைட் பலரிடம் கேட்டுப் பார்த்தார். முதல் கேள்வியில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லையாம். உடம்புக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை.

இப்போது மாப்பிள்ளையின் வளைவுக்கு வருவோம். இடது வளைவு, வேகம் கொஞ்சம் கூடுதல், எதிரே பஸ். பயத்தில் இரண்டு தோளும் இறுகின, உடம்பு சாய்விலிருந்து விலகி நிமிர்ந்தது, வலது கை கைப்பிடியை அழுத்தியது. வலது கைப்பிடியைத் தள்ளினால் வண்டி வலது பக்கம் சாயும், அதாவது சாய்ந்திருந்த வண்டி நிமிரும். நிமிர்ந்த வண்டி நேராகத்தான் போகும், நேரே இருந்தது பஸ். அதே கையால் முன்பிரேக்கையும் பிடித்திருக்கிறான். சாய்ந்த வண்டியில் டயர் தரையைத் தொடுவது நட்ட நடுவில் இல்லை, உள்பக்க ஓரத்தில். அங்கே பிரேக் இழுத்தால் முன்சக்கரம் உள்பக்கம் முறுக்கிக்கொள்ளும், துடைப்பக்கட்டைக் கணக்குப்படி வண்டி இன்னும் நிமிரும். போதாததற்குக் கண் பஸ்ஸிலேயே நின்றுவிட்டது. கண் போகிற இடத்துக்குத்தான் கையும் போகும். வண்டி தானாகப் போகவில்லை, இவன்தான் மூன்று விதமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறான். அவன் செய்திருக்க வேண்டியது, தலையைத் திருப்பி வளைவு முடிகிற இடத்தைப் பார்த்து இடது கையை இன்னும் கொஞ்சம் தள்ளுவது. டயரில் அதற்கான பிடிமானம் பெரும்பாலும் மிச்சம் இருக்கும், மனசில்தான் இருக்காது.

பிடிமானம் என்றதும் ஒரு கணக்கு. டயருக்கு இருப்பது ஒரே சம்பளம், திரும்பவும் பிரேக் பிடிக்கவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் சாதாரணக் கழித்தல் இல்லை, பித்தாகரஸ்: இரண்டு செலவின் வர்க்கமும் சேர்ந்து 100இன் வர்க்கத்தைத் தாண்டக் கூடாது. திரும்புவதற்கு 80 சதவீதம் போனால் பிரேக்குக்கு மிச்சம் 20 இல்லை, 60. தாராளமாகத் தெரிகிறதா? 95 சதவீதம் திரும்பவே போனால் மிச்சம் 31தான், 100 போனால் சுத்தமாக ஒன்றுமில்லை. நடுவில் ஒரு கைப்பிடி மணல் வந்தால் சம்பளமே பாதியாகிவிடும். வண்டி நேராக இருக்கும்போதே, வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிடச் சொல்வது இதனால்தான்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் மலை இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இப்போது வருகிற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால் பெரும்பாலான நேரம் பெட்ரோலே உள்ளே போகாது. நியூட்ரலில் எஞ்சின் ஓடத்தான் பெட்ரோல் குடிக்கும்.

அடுத்தது, சாலையில் எங்கே இருப்பது. நம் ஊரில் இடது பக்கம் போகிறோம். இடது வளைவுக்கு முன்னால் நம் பாதிக்குள்ளேயே கொஞ்சம் வலது தள்ளி இருந்தால் வளைவுக்குள் அதிக தூரம் தெரியும், எதிரே வண்டி தெரிந்தால் இடது பக்கம் ஒதுங்கிக்கொள்ளலாம். வலது வளைவில் இடது பக்கம், ஆனால் மழை அடித்து வந்த மணலும் ஜல்லியும் கிடக்கிற ஓரம் வரை வேண்டாம். வலது வளைவில் நடுக்கோட்டை ஒட்டிப் போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: டயர் நம் பக்கம் இருக்கும், தலை இருக்காது. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிற தலை, 30 பாகை சாய்ந்தால் முக்கால் மீட்டர் வலது பக்கம் போய்விடும். சக்கரம் கோட்டுக்குள், மண்டை பஸ்ஸின் பாதையில்.

வலது கொண்டை ஊசியில் எதிரே பஸ் ஏறி வந்தால் இன்னொரு சிக்கல். நீளமான வண்டியின் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும். பஸ்ஸுக்கு அது உள்வளைவு, அகலமாக எடுத்தால்தான் திரும்ப முடியும், உங்கள் பாதியையும் எடுத்துக்கொள்ளும். திமிர் என்று நினைக்காதீர்கள், வடிவியல். ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவதுதான் விதியும். வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

"அந்த வளைவு காவு கேட்கும்" என்று சொல்கிற இடம் மலைப்பாதைக்கு ஒன்று இருக்கும். எனக்கு அங்கே ஒரு டேப்பும் ரசமட்டமும் கொண்டுபோக ஆசை. வளைவு பாதியில் இறுகுகிறதா, சாலை உள்பக்கம் சரியாமல் வெளிப்பக்கம் சரிகிறதா, நீர் கசிந்து பாசி பிடிக்கிறதா என்று அளந்தால் பாதி மர்மம் போய்விடும். பக்கத்து பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பருவத் திட்டத்துக்கான காசு போதும். உலகத்திலேயே அதிகமாக இருசக்கர வண்டி விற்கிற நாடு இது. ஆனால் சக்கரச் சுழற்சியின் உதவியே இல்லாமலும் ஒரு சைக்கிள் தானாக நிமிர்ந்து ஓடும் என்று 2011இல் செய்து காட்டியவர்கள் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகக்காரர்கள். அவர்களுக்கு அதற்கு யாரோ காசு கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆளில்லாத நேர்ச்சாலை ஒன்றில் மாப்பிள்ளையை 40இல் ஓட்டச் சொன்னேன். இடது உள்ளங்கையால் லேசாக, ஒரு காலிங் பெல் அழுத்துகிற அளவுக்குத் தள்ளிப் பார் என்றேன். போனவன் இரண்டு கிலோமீட்டர் தாண்டித்தான் திரும்பி வந்தான். "மாமா, தள்ளுற பக்கமே போவுது! இத்தனை நாளா இதைத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தேனா?" ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மறுபடி வண்டியைத் திருப்பினான், இந்த முறை வலது கைக்கு.