குடித்த இரவில்தான் மாத்திரையை விடக்கூடாது

டப்பாவைத் திறந்து மேசைமேல் கொட்டினார். சத்தம் கேட்கக்கூடாதென்று மாத்திரைகளுக்கு மேல் பஞ்சு அடைத்து வைத்திருந்தார். அதுவும் சேர்ந்து விழுந்தது. எண்ணிப் பார்த்தேன். 30 மாத்திரை கொடுத்து 28 நாள் ஆகியிருந்தது. 2 மீதமிருக்க வேண்டும், 11 இருந்தன.

"மறந்துபோய்விட்டதா அக்கா?"

"மறக்கவில்லை மேடம். அந்த நாள்களில் குடித்திருந்தேன். குடித்துவிட்டு மாத்திரை போட்டால் ஈரல் வெந்துவிடும் என்று இங்கேதானே சொன்னார்கள்?"

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகராகப் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். பாலியல் தொழில் செய்யும் பெண்கள் பலரிடம் இதே பதிலைக் கேட்டுவிட்டேன். (அடையாளம் தெரியாதபடி இங்கே விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மருந்தின் மேல் அலட்சியமாக இருந்தவர் யாரும் இப்படிச் சொன்னதில்லை. எங்கள் சொல்லை அப்படியே நம்பி, குடித்த நாள்களில் மாத்திரையைத் தொடாமல் இருந்தவர்கள்தான் சொன்னார்கள். குடிப்பது வாரத்தில் மூன்று நாள் என்றால் மருந்தும் மூன்று நாள் நின்றுபோகிறது. வைரஸ் பெருக அது போதும். மருந்துக்கு அடங்காத வைரஸ் தலையெடுக்கவும் அதுவே வழி.

இந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். முன்பு கொடுத்த கூட்டு மருந்தில் எஃபாவிரென்ஸ் இருந்தது. அதைப் போட்டாலே தலை சுற்றும், கெட்ட கனவு வரும். மதுவும் சேர்ந்தால் ஆளைத் தள்ளும். அதனால் இரவு படுக்கும்போது போடுங்கள், குடிக்காதீர்கள் என்றோம். இப்போது பெரும்பாலானவர்களுக்குக் கொடுப்பது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. மது இதன் வேலையைக் கெடுப்பதில்லை. எந்த நேரத்திலும் போடலாம், சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். மருந்து மாறியும் "இரவு ஒன்பது மணி" என்ற பழக்கம் மாறவில்லை. இரவு ஒன்பது மணிக்கு இந்தப் பெண்கள் எங்கே இருப்பார்கள் என்று நாங்களும் யோசிக்கவில்லை.

கொல்கத்தாவின் சோனாகாச்சி போலவோ மும்பையின் காமாத்திபுரா போலவோ பாலியல் தொழிலுக்கென்று ஒரு தெரு தமிழ்நாட்டில் இல்லை. லாட்ஜ், நெடுஞ்சாலை ஓரம், செல்போன் அழைப்பு என்று தொழில் சிதறிக் கிடக்கிறது. தெரியாத அறையில் மாத்திரை டப்பாவை வெளியே எடுத்தால் அன்றைய வருமானம் போகும், அடியும் விழலாம். பஞ்சு அடைத்தது அதனால்தான். குடிக்கும் எல்லோருமே விரும்பிக் குடிப்பதில்லை. "நீயும் ஊற்றிக்கொண்டால்தான் வருவேன்" என்று பிடிவாதம் பிடிக்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. முதல் ஆளைப் பார்ப்பதற்கு முன் ஒரு குவார்ட்டர் இறங்காவிட்டால் உடம்பை அவனிடம் கொடுக்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னார். போதை ஏறியபின் ஆணுறை வேண்டும் என்று வற்புறுத்தும் தெம்பும் குறைந்துவிடுகிறது.

இப்படி வருபவரை வரிசையில் நிற்கும் அத்தனை பேர் முன்னிலையில் "குடித்துவிட்டா வந்தாய்?" என்று கேட்டால் அடுத்த மாதம் அவர் வரமாட்டார். வந்தாலும் குடியை மறைப்பார். மறைப்பதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. காசநோய் வராமல் தடுக்க நாங்கள் கொடுக்கும் ஐசோநியசிட், தொடர்ந்து குடிப்பவரின் ஈரலைக் கெடுக்கக்கூடியது. குடிப்பவர் என்று தெரிந்தால்தான் மருத்துவர் ஈரல் பரிசோதனை செய்து முடிவெடுக்க முடியும்.

1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தது சென்னையில் பிடித்துவைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளின் இரத்தத்தில்தான். இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில் தொடங்கியபோது முதல் மையங்களில் ஒன்று தாம்பரத்தில் இருந்தது. நாடு விழித்துக்கொள்ளக் காரணமாக இருந்த பெண்கள் மருந்து வாங்க வந்து தலைகுனிந்து நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எச்.ஐ.வி. உள்ளவரைப் பாகுபடுத்துவதை 2017ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கிறது.

அந்த அக்காவுக்கு நேரத்தை மாற்றினோம். எழுந்ததும் தேநீரோடு போடச் சொன்னேன். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. முந்தின நாள் குடித்த வயிறு காலையில் எரியும்; உடனே இளஞ்சிவப்பு நிற அன்டாசிட்டை இரண்டு மூடி குடித்துவிடுவார். டோலுடெக்ராவிர் உடம்பில் சேரவிடாமல் அது தடுக்கும். மாத்திரை போட்ட பிறகு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அதைக் குடிக்க வேண்டும்; முதலில் அதைக் குடித்துவிட்டால் மாத்திரைக்கு ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மருத்துவர் அதற்குப் பதிலாக பான்டோபிரசோல் எழுதிக் கொடுத்தார். அது இதில் குறுக்கிடாது. ஒரு வேளை தவறினால் நினைவு வந்தவுடன் போடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன்.

குடிப்பது பரவாயில்லை என்று நான் சொல்லவே இல்லை. ஈரலையும் மனத்தையும் அது அரிக்கிறது. ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். அதுவரை மாத்திரை ஒரு நாளும் நிற்கக்கூடாது. எச்.ஐ.வி. பற்றிய கேள்விகளுக்கு 1097, மனநல உதவிக்கு 14416. இரண்டும் கட்டணமில்லாத எண்கள்.

மூன்று மாதம் கழித்து அவருடைய வைரஸ் பரிசோதனை முடிவு வந்தது. முன்பு ஆயிரங்களில் இருந்த எண்ணிக்கை இப்போது கருவிக்கே தெரியாத அளவுக்கு இறங்கியிருந்தது. இந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவு வழியாக உங்களிடமிருந்து யாருக்கும் எச்.ஐ.வி. பரவாது என்று சொன்னேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குடி இன்னும் நிற்கவில்லை. வருகிற வியாழக்கிழமை மனநலப் பிரிவுக்குப் போக ஒப்புக்கொண்டிருக்கிறார். நானும் கூடப் போகிறேன்.