சொல் விளக்கம்: அமெச்சூர்

‘அமெச்சூர்த்தனமா இருக்கு’ என்றால் வேலை அரைகுறை என்று பொருள். ஆனால் சொல் பிறந்தது அன்பில். லத்தீனில் ‘அமாரே’ என்றால் நேசித்தல்; ‘அமாத்தோர்’ நேசிப்பவர். பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் கலையை விரும்புபவர் என்றுதான் பொருள்.

அதை வேலியாக்கியது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் விளையாட்டு. ஹென்லி படகுப் போட்டியின் 1879ஆம் ஆண்டு விதிப்படி கூலிக்கு உழைக்கும் மெக்கானிக், கைவினைஞர், தொழிலாளி எவரும் அமெச்சூர் ஆக முடியாது. துடுப்புப் போட்டு ஒரு காசு வாங்கியிருக்க வேண்டாம், கைவேலை செய்து பிழைத்தாலே போதும். 1920இல் அமெரிக்காவின் ஜான் கெல்லியை ஹென்லி சேர்க்க மறுத்தது. அவருடைய கிளப் மீதிருந்த பழைய தடை ஒரு காரணம். அவர் கொத்தனார் வேலை பார்த்தவர் என்பது இன்னொன்று. அதே ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார் மனிதர்.

கிரிக்கெட்டில் இது இன்னும் வேடிக்கை. ஸ்கோர் அட்டையில் அமெச்சூருக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், சம்பளக்காரருக்குப் பின்னால். உடை மாற்றும் அறையும் தனித்தனி. சம்பளத்துக்கு ஆடிய வாலி ஹேமண்ட் அமெச்சூராக மாறிய பிறகே, 1938இல், இங்கிலாந்தின் கேப்டன் ஆனார். ஆள் அதே ஆள், மட்டையும் அதேதான்! இந்தப் பிரிவினை 1962இல்தான் ஒழிந்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘கத்துக்குட்டி’ வசவு. ‘பயில்முறை’ நாடகத்துக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் இருபது வருடம் ஆடியவரை இன்னும் பயில்கிறார் என்பதா? ‘தொழில்முறை சாரா’ சரியான பொருள்தான், நீளம் அதிகம். பணத்துக்காக அல்லாமல் விருப்பத்துக்காக ஆடுபவருக்கு என் தேர்வு ‘ஆர்வலர்’. வேர்ப்பொருளுக்கும் அதுவே பக்கம். மேலே சொன்ன இங்கிலாந்துக் கதைக்கு மட்டும் அது உதவாது. அங்கே பேச்சு ஆர்வத்தைப் பற்றியது அல்ல, வர்க்கத்தைப் பற்றியது. ‘அமெச்சூர்’ என்றே எழுதிவிடலாம்.

அமைப்பின் பெயரில் வந்தாலும் மொழிபெயர்க்க வேண்டாம். நம் கபடிக்கான தேசிய அமைப்பின் பெயர் இன்றும் ‘இந்திய அமெச்சூர் கபடி கூட்டமைப்பு’. அதன் ஒப்புதலோடு 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கின் 2022 ஏலத்தில், பவன் செராவத்தைத் தமிழ் தலைவாஸ் எடுத்த விலை 2.26 கோடி ரூபாய்.