கூட்டு நிலத்தில் பவர் வீடர்: மானியத்துக்கு முன்பும் விபத்துக்குப் பின்பும் கேட்கப்படும் காகிதங்கள்

அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்ளாமல் உழுதுவரும் கூட்டுப்பட்டா நிலத்திலும், மகளிர் குழுவினர் குத்தகைக்கு எடுத்து ஆளுக்குச் சில பாத்திகளாகக் காய்கறி வைக்கும் தோட்டத்திலும் இன்று மண்வெட்டிக்குப் பதிலாக, சுழலும் கத்தியால் களை எடுக்கும் பவர் வீடரோ, கையால் பிடித்து ஓட்டும் உழவு இயந்திரமான பவர் டில்லரோ ஓடுகிறது. ஒரே இயந்திரத்தைப் பலர் மாறி மாறிப் பிடிக்கிறார்கள். அதன் கத்தியில் ஒருவருடைய கால் சிக்கிவிட்டால், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன: நிலம் யார் பெயரில் இருக்கிறது, இயந்திரம் யாருடையது, அன்றைய கூலியைக் கொடுத்தவர் யார்? இவற்றுக்குக் காகிதத்தில் பதில் இல்லாதவர்கள் ஒவ்வோர் அலுவலகத்திலிருந்தும் அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டு, கடைசியில் மருத்துவச் செலவுக் கடனோடு நிற்பதைப் பலமுறை பார்த்த பிறகே இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

இந்த இயந்திரங்களுக்கு மானியம் தரும் திட்டத்தின் பின்னணி இவ்வளவுதான். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15 முதல் நடைமுறையில் உள்ளது. செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்று பகிர்ந்துகொள்கின்றன. தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை இதைச் செயல்படுத்துகிறது. சிறு, குறு விவசாயிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் உண்டு. உழவன் செயலி வழியாகவோ உபகோட்டத்தில் உள்ள உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்திலோ விண்ணப்பிக்கலாம்.

முதல் ஏமாற்றம் அந்தச் சதவீதத்திலேயே தொடங்குகிறது. 50 சதவீதம் என்றால் கடைக்காரர் சொல்லும் விலையில் பாதி என்று நினைத்துக் கடன் வாங்கிவிடாதீர்கள். ஒவ்வொரு வகை இயந்திரத்துக்கும் அரசு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. விலையில் பாதி, அந்த உச்சவரம்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். துறை ஏற்றுக்கொண்ட நிறுவனங்களின் பட்டியலில் உள்ள மாடலுக்கு மட்டுமே மானியம் உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் மாடல் எண் மாறினால் கோப்பு திரும்பி வந்துவிடும். அனுமதி ஆணை கைக்கு வருமுன் இயந்திரத்தை வாங்கிப் பில் போட்டவர்களுக்குப் பிறகு யாராலும் உதவ முடிவதில்லை. "இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள், மானியத்தை நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று முகவர் சொன்னால், அந்த வாக்குறுதியை அவர் எழுதித் தரமாட்டார் என்பதை நினைவில் வையுங்கள். மானியம் விலையிலேயே கழிக்கப்படுமா, முழுத்தொகையும் கட்டிய பிறகு வங்கிக் கணக்குக்கு வருமா என்பதையும் பணம் கட்டுமுன் பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கூட்டு நிலத்தாருக்கு இன்னும் பெரிய தடை, நிலத்தின் உரிமையாளரையும் பரப்பையும் காட்டும் வருவாய்த்துறை ஆவணமான சிட்டாதான். ஐந்து பெயர்கள் உள்ள கூட்டுப்பட்டாவில் மொத்தப் பரப்பு ஏழு ஏக்கர் என்றால், ஒவ்வொருவருக்கும் ஒன்றரை ஏக்கர்கூட வராது. ஐவருமே குறு விவசாயிகள். ஆனால் சிட்டாவில் ஏழு ஏக்கர் என்று இருப்பதால், 5 ஏக்கருக்கு மேல் என்று சொல்லிச் சிறு, குறு விவசாயி சான்றை மறுக்கும் அலுவலகங்கள் உள்ளன. உங்கள் பங்கு எவ்வளவு என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் பெற்று, பாகப்பிரிவினைப் பத்திரமோ வாரிசுச் சான்றோ இருந்தால் அதன் நகலையும் இணைத்து இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகத் திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பத்துக்கு மேல்முறையீடு என்று ஒன்று இருக்கவே முடியாது. அதனாலேயே பலர் வாய்மொழியாகத் திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

பெண்களுக்கு 50 சதவீதம் என்ற வரியை நம்பிப் போகும் பெண்ணிடம் பட்டா அவர் பெயரில் இருக்கிறதா என்று கேட்பார்கள். கணவர் பெயரில் இருந்தால் விண்ணப்பதாரர் கணவர்தான். களை எடுப்பவர் யார் என்பதைச் சிட்டா சொல்வதில்லை. குத்தகை நிலத்தில் உழைக்கும் குழுவுக்குத் தனிநபர் மானியம் பெரும்பாலும் எட்டாத ஒன்று. 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருந்தும், வாய்வழிக் குத்தகையே வழக்கமாக இருப்பதால், குத்தகைதாரரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. இத்தகைய குழுக்கள் தனிநபர் விண்ணப்பத்தில் மாதங்களை வீணாக்காமல், இதே இயக்கத்தில் உள்ள இயந்திர வாடகை மையப் பிரிவைப் பற்றிக் கேட்பது நல்லது. கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 2017-18 முதல் 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழுக்களுக்கு ரூ.5 லட்சம் தொகுப்பு நிதி கொடுத்து இயந்திரங்கள் வாங்க வைத்தார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒரு குழு இருந்து, இயந்திரம் ஒருவர் வீட்டு முற்றத்திலேயே நிற்குமானால், அது குழுவின் சொத்து என்பதைத் தீர்மானப் புத்தகத்தைக் காட்டிக் கேட்கலாம்.

இயந்திரம் வந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்பு பற்றி இங்கே எழுதுவதற்கு ஒரு சட்டக் காரணமும் இருக்கிறது. கூலிக்கு இயந்திரம் ஓட்டுபவருக்கு இழப்பீடு தரும் சட்டம், கொடுக்கப்பட்ட பாதுகாப்புக் கவசத்தை அவரே தெரிந்து கழற்றியிருந்தாலும், பாதுகாப்புக்காகச் சொல்லப்பட்ட விதியை வேண்டுமென்றே மீறியிருந்தாலும், குடித்திருந்தாலும், மரணமோ முழு நிரந்தர ஊனமோ அல்லாத காயங்களுக்கு முதலாளி பணம் தரவேண்டியதில்லை என்கிறது. நம் தோட்டங்களில் தினமும் நடப்பது எது? ஈர மண் அடைத்துக்கொள்கிறது என்று கத்திகளுக்கு மேலுள்ள தடுப்புத் தகட்டைக் கழற்றி வரப்பில் போட்டுவிடுகிறோம். பிடித்துப் பிடித்துக் கை வலிக்கிறது என்று கிளட்ச் நெம்புகோலைக் கைப்பிடியோடு கயிற்றால் கட்டிவிடுகிறோம். கையை விட்டதும் கத்தி நிற்கவேண்டும் என்பதற்காகவே அந்த நெம்புகோல் வைக்கப்பட்டிருக்கிறது. கட்டிய கயிறு காலையும் எடுக்கும், இழப்பீட்டையும் எடுக்கும். தகட்டைக் கழற்றச் சொன்னவர் நிலத்துக்காரராக இருந்தால், அதை மற்றவர்கள் முன்னிலையில் மறுத்துப் பேசிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்; பிறகு சாட்சி சொல்ல அவர்கள் வேண்டியிருக்கும்.

மிக மோசமான காயங்கள் பின்னோக்கி எடுக்கும்போது ஏற்படுகின்றன. கத்தி சுழலும் நிலையில் ரிவர்ஸ் போட்டால், இயந்திரம் பிடித்திருப்பவர் மீதே ஏறும். பின்னால் சுவரோ தென்னைமரமோ வேலியோ இருந்தால் அவருக்கு விலக இடம் இராது. ஆகவே கத்தியின் இணைப்பை விடுவித்த பிறகுதான் பின்னோக்கி எடுக்கவேண்டும். சிக்கிய கொடியையும் வேரையும் எஞ்சினை அணைத்து, பெட்ரோல் வண்டியானால் ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிய பிறகே கையால் எடுக்கவேண்டும். வெறுங்காலும் செருப்பும் உதவா. முன்புறம் இரும்புக் கவசம் உள்ள பூட்ஸ் ஒன்றாவது குழுவின் பொதுப் பொருளாக இருக்கட்டும். சேலைத் தலைப்பையும் துண்டையும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

பங்கிட்ட தோட்டத்துக்கே உரிய ஆபத்து, அடுத்தவர் பாத்தியில் என்ன புதைந்திருக்கிறது என்று ஓட்டுபவருக்குத் தெரியாமல் இருப்பதாகும். சொட்டுநீர்க் குழாய் அறுந்தால் பணத்தோடு போகும். போர்வெல் மோட்டாருக்குப் போகும் மின்கேபிள் அறுந்தால் உயிரே போகலாம். புதைத்தவர் குச்சி நட்டு அடையாளம் வைக்கவேண்டும், உழும் நாளில் மெயின் சுவிட்சை அணைத்துவைக்கவேண்டும் என்பதைக் குழுவின் விதியாக எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்துப் பாத்தியில் குனிந்து களை பறிப்பவர்களும் குழந்தைகளும் வெளியேறும்வரை எஞ்சினைத் தொடவேண்டாம். கத்தியில் பட்ட கல் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்லவே முடியாது.

இனி, விபத்து நடந்துவிட்ட பிறகு. முதல் ஒரு மணி நேரத்தில் செய்யப்படும் பொய்தான் பிந்தைய எல்லா மறுப்புகளுக்கும் வேர். போலீஸ், கேஸ் என்று போகவேண்டாம், கீழே விழுந்துவிட்டதாகச் சொல் என்று நிலத்துக்காரரோ இயந்திரக்காரரோ கேட்பார். காயப்பட்டவரும் மரியாதைக்காக அப்படியே சொல்லிவிடுவார். அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் அந்தச் சொல் ஏறிவிட்டால், ஆறு மாதம் கழித்து வந்து இயந்திரத்தில் அடிபட்டதாகச் சொல்வதை எந்த அலுவலரும் ஏற்கமாட்டார். பவர் வீடர் கத்தியில் அடிபட்டது, இன்னாருடைய தோட்டத்தில், இன்ன நேரத்தில் என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அந்தப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) கேட்டு வாங்குங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். உடனே பதியாவிட்டாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள்.

கூலிக்கு ஓட்டியவருக்கான சட்டம் 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் விதிகள் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020-க்குள் வந்துவிட்டன. விவசாயக் கூலிக்கு இழப்பீட்டுச் சட்டம் கிடையாது என்று அலுவலகத்திலேயே சொல்லி அனுப்புகிறார்கள். அது தவறு. டிராக்டர் அல்லது எந்திர விசையால் இயங்கும் பிற சாதனங்களைக் கொண்டு செய்யும் விவசாய வேலை அந்தச் சட்டத்தின் அட்டவணையில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. கால் கட்டைவிரல் அடியோடு போனால் 14 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14 சதவீதம், கைக் கட்டைவிரல் போனால் 30 சதவீதம் உழைப்புத்திறன் இழப்பு என்று அதே சட்டம் கணக்கிடுகிறது. மாதம் ரூ.10,000 சம்பாதிக்கும் 40 வயதுக்காரர் கால் கட்டைவிரலை இழந்தால், கூலியில் 60 சதவீதத்தை அவர் வயதுக்குரிய 184.17 என்ற காரணியால் பெருக்கி, அதில் 14 சதவீதம் எடுக்கவேண்டும், ஏறத்தாழ ரூ.1,54,700 வரும். நிலத்துக்காரர் ஐயாயிரம் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. மனுவை இரண்டு ஆண்டுகளுக்குள், தொழிலாளர் துறையில் இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் அதிகாரியிடம் கொடுக்கவேண்டும். வருவாய் அலுவலகத்தில் அல்ல. கூலி கொடுத்ததற்கு ஆதாரம் கேட்பார்கள் என்பதால், கையில் வாங்குவதைவிட அவ்வப்போது ஜிபேயில் வாங்குவது உங்களுக்குப் பாதுகாப்பு.

ஆனால் தன் பாத்தியைத் தானே உழுத பங்காளிக்கும் குழு உறுப்பினருக்கும் முதலாளி என்று ஒருவர் இல்லை. ஆகவே அந்தச் சட்டம் அவர்களைத் தொடாது. அவர்களுக்கு மீதமிருப்பவை இரண்டு. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு ரூ.20 பிடிக்கப்படும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயது வரை சேரலாம்; விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் ரூ.2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு பாதமோ முற்றிலும் செயலிழந்தால் ரூ.1 லட்சம். இதிலுள்ள பொறியைக் கவனியுங்கள்: விரல்களுக்கு எதுவும் இல்லை. பவர் வீடரில் பெரும்பாலும் போவதோ விரல்கள்தான். கால்விரல் மூன்றை இழந்து நடக்கத் தடுமாறுபவரிடம், பாதம் இருக்கிறதே என்று சொல்லிக் கோரிக்கையை மூடிவிடுகிறார்கள். விபத்து நடந்து 30 நாட்களுக்குள் வங்கிக்கிளையில் படிவம் கொடுக்கவேண்டும் என்பதையும் கட்டுப் பிரிக்கும்வரை யாரும் சொல்வதில்லை.

மற்றொன்று 2011-இல் தொடங்கிய முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம். நஞ்சை 2.5 ஏக்கர் அல்லது புஞ்சை 5 ஏக்கருக்குள் வைத்துத் தாமே உழுபவர்களும், குத்தகைதாரர்களும், விவசாயக் கூலிகளும், 18 முதல் 65 வயது வரை, இதில் வருவார்கள்; பட்டா இல்லாதவருக்கும் இடமுண்டு என்பதால் குத்தகைக் குழுவினருக்கு இதுவே முக்கியமானது. 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் நிலமற்ற வேளாண் தொழிலாளர்களுக்கான விபத்து மரண நிதி ரூ.2 லட்சமாகவும் உறுப்பு இழப்புக்கான நிதி ரூ.1 லட்சமாகவும் உயர்த்தி அறிவிக்கப்பட்டது. பழைய தொகையைச் சொன்னால் எந்த அரசாணைப்படி என்று கேளுங்கள். மனு கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று மேலே போகவேண்டும். இவர் விவசாயம் செய்பவர்தானா என்ற வி.ஏ.ஓ. அறிக்கையில்தான் அது வாரக்கணக்கில் நின்றுவிடுகிறது. சாகுபடிப் பதிவேடான அடங்கலில் பெயர் இல்லாத குத்தகைதாரருக்கு அந்த அறிக்கை எளிதில் கிடைக்காது. ஆகவே, குழுவாக நிலம் எடுத்த அன்றே, யார் எந்தப் பாத்தியில் உழைக்கிறார், இயந்திரம் யாருடையது, ஓட்டப் பழகியவர்கள் யார் என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, நிலத்துக்காரரிடமும் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கொடுத்து மறுநகலில் தேதியோடு முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். மே மாதக் கடைசி வாரத்தில் ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் அந்த இருபது ரூபாய்க்கு இருப்பு உள்ளதா என்பதைக் குழுவின் கணக்கு எழுதுபவர் பார்த்துவிடவேண்டும். இருப்பில்லாமல் ஜூன் 1 தாண்டிவிட்டால் காப்பீடு அறுந்துவிடும், அது அறுந்ததைச் சொல்லி வங்கியிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.